எருக்குழிப் புழுவின் காயம் ஏன் கறுக்கிறது?

திருக்கோவில் தோட்டக்காரன்:
போன சனிக்கிழமை மாட்டெருக் குழியைக் கிளறினேன். பெருவிரல் மொத்தத்தில் வெள்ளைப் புழுக்கள். தென்னங்குருத்தைத் துளைக்கிற கருவண்டின் குடம்பிகள்தான். கோழிக்குப் போடலாம் என்று பால்மா டின்னில் பொறுக்கும்போது ஒன்றின் விலாவில் மண்வெட்டி நுனி கீறிவிட்டது. கலங்கல் நீர் கசிந்தது. பின்னேரம் பார்த்தால் கீறலில் தார் பூசினது போலக் கறுத்த பொருக்கு. ஈர்க்கால் தொட்டேன், கடிக்க வருகிறது! அதே எருவில் செருப்பில்லாமல் நின்று காலில் பட்ட காயம் எனக்கு ஒரு கிழமை சீழ் வைத்தது. புழுவுக்கு மட்டும் எப்படி? மகள் கேட்கிறாள், எனக்குப் பதில் தெரியவில்லை.

கல்முனை உயிரியல் ரீச்சர்:
அண்ணன், அந்தக் கறுப்பு மெலனின். நம் தலைமயிருக்கு நிறம் தருவதும் அதுதான்.

பூச்சியின் குருதி நம்முடையது போல நாளங்களுக்குள் அடைபட்டு ஓடுவதில்லை, உடலறை முழுக்கத் தளம்பும். அதில் மிதக்கும் கலங்கள்தான் காவல். அதிகம் ஆராயப்பட்டது பழ ஈ. அதில் நூற்றுக்குச் சுமார் 95 விழுங்கும் கலங்கள். பற்றீரியாவை அவை மோப்பம் பிடிப்பது கலச்சுவரால். அந்தச் சுவரில் உள்ள பெப்டிடோகிளைக்கனை விலங்குக் கலம் எதுவும் செய்வதில்லை, ஆகவே அதன் துண்டு தட்டுப்பட்டாலே வந்தவன் அந்நியன். இன்னும் நுணுக்கம் உண்டு. அந்தச் சுவரில் லைசின் இருக்கிறதா, டிஏபி என்ற வேறு அமினோ அமிலம் இருக்கிறதா என்றுகூடப் பிரித்தறிந்து, அதற்கேற்ற அபாய மணியை அடிக்கும். மணி கேட்டதும் உடலின் கொழுப்புத் திசு சில மணி நேரத்தில் பற்றீரியாவைக் கொல்லும் சிறு புரதங்களைக் குருதியில் விடும்.

விழுங்கும் கலத்தின் மேல் உள்ள ஒரு வாங்கிக்கு, அதாவது கிருமியைப் பற்றிப்பிடிக்கும் புரதத்துக்கு, ‘ஈட்டர்’ என்றே பெயர். தின்னி! விழுங்கி முடியாத அளவு கிருமி வந்தால் கலங்கள் கூட்டமாய் மொய்த்து முடிச்சுப் போட்டுக் கறுத்துவிடும்.

தோட்டக்காரன்:
ஆனால் ரீச்சர், நசிந்து செத்த புழுவும் கறுத்ததே?

ரீச்சர்:
நல்ல கேள்வி. மெலனின் செய்யும் நொதியம் குருதியிலேயே தூங்கிக்கொண்டிருக்கும். காயமோ கிருமியோ எழுப்பிவிட்டால் உயிர் போனபிறகும் வேலை செய்யும். வெட்டி வைத்த கத்தரிக்காய் கறுப்பதும் இதே இன நொதியத்தால்தான். ஆகவே கறுப்பு மட்டும் பிழைத்ததற்குச் சாட்சியில்லை.

அக்கரைப்பற்று விவசாயி:
அப்போ கருவண்டுக்கு எருக்குழியில் போடுகிற பச்சைப் பூஞ்சணம் எப்படிக் கொல்லுது?

ரீச்சர்:
மெட்டாரைசியம்தானே தம்பி. பூஞ்சணத்துக்கு எதிராகவும் பூச்சியிடம் காவல் உண்டு. டோல் என்ற மணி கெட்டுப்போன பழ ஈயைப் பூஞ்சணம் மூடிக் கொல்லும் என்று 1996இல் ஜூல்ஸ் ஹொஃப்மன் குழு காட்டியது. 2011 நோபல் பரிசில் அவருக்கும் பங்கு. மெட்டாரைசியமோ கள்ளன். குருதிக்குள் இறங்கியதும் தன் சுவரை ஒரு புரதத்தால் போர்த்துக்கொள்ளும். காவற்கலத்துக்கு ஆளைத் தெரியாது.

தோட்டக்காரன்:
மகளுக்கு வாசித்துக் காட்டினேன். மற்றதெல்லாம் கோழிக்குப் போயாச்சு. கறுத்த பொருக்குக்காரனைத் தர மாட்டாளாம், டின்னில் எரு போட்டு வைத்திருக்கிறாள்.