நீண்ட அலைவு நேரம் வேண்டும்: ஊசலிலா, மின்சுற்றிலா?

சுருள்காந்தம்:
தொலைதூர நடுக்கங்களின் மெதுவான அலைகளைப் பிடிக்க வீட்டில் நிலநடுக்கமானி கட்டுகிறவர்கள், 20 வினாடி அலைவு நேரத்துக்காக இன்னும் கிடைமட்ட ஊசலோடு மல்லுக்கட்டுவது ஏன்? தூணில் தண்டைக் கதவுபோல் மாட்டி, நுனியில் எடை வைத்து, கீல் அச்சை இம்மியளவு சாய்க்கும் லேமன் வகை 1979இல் நல்ல வழியாக இருந்தது. இன்று 2 வினாடி ஊசல், அதன் நகர்வை அளக்கும் மின்தேக்கி உணரி, எடையை நடுவிலேயே பிடித்துவைக்கும் சுருளும் காந்தமும் போதும். எடையை இப்படிப் பிடித்துவைக்கும் விசைப் பின்னூட்டம் அலைவு நேரத்தை 60 வினாடி வரை நீட்டிக் கொடுத்துவிடும். 1982இல் வீலாண்டும் ஸ்ட்ரெக்கைசனும் வெளியிட்ட தட்டைவில் நிலநடுக்கமானி நிற்பதே பின்னூட்டத்தின் மேல்தான்.

கிடைஊசல்:
அவர்கள் கையில் ஆய்வகம் இருந்தது, நண்பரே. தொங்கூசலில் 20 வினாடி கிடைக்க ஏறக்குறைய 100 மீட்டர் நூல் வேண்டும். முக்கால் மீட்டர் தண்டு என்றால், அச்சை அரைப் பாகைக்கும் குறைவாகச் சாய்த்தால் அதே பலன். செலவு, அடித்தட்டில் இரண்டு திருகுகள். கோளாறு எங்கே என்று கண்ணால் பார்த்துவிடலாம். உங்கள் பின்னூட்டச் சுற்று தானாக அலைய ஆரம்பித்தால் புதிதாகக் கட்டுகிறவர் எங்கே போய்த் தேடுவார்? இன்னொன்று: மெதுவான ஒரே முடுக்கத்துக்கு 2 வினாடி ஊசல் நகர்வது, 20 வினாடி ஊசல் நகர்வதில் நூறில் ஒரு பங்குதான்.

சுருள்காந்தம்:
நூறில் ஒரு பங்கு போதும். ஒரு நானோமீட்டரை மின்தேக்கி உணரி சிரமமில்லாமல் பிடிக்கும். நீங்கள் பெருமையாகச் சொன்ன அந்த 100 மீட்டர்தான் உங்களுக்கு எதிரி. தரை ஒரு மைக்ரோரேடியன் (கிலோமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர்) சாய்ந்தால் உங்கள் எடை 0.1 மில்லிமீட்டர் நகர்கிறது. காலை வெயிலில் சுவர் சூடேறித் தளம் பத்து மைக்ரோரேடியன் சாய்ந்தால் முழு மில்லிமீட்டர். ஆட்டத்தைத் தணிக்கக் காந்த இடைவெளியில் வைத்த செம்புத் தகடு ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அன்றைய பதிவு வெறும் நேர்க்கோடு.

புதுத்தச்சன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் 4.5 ஹெர்ட்ஸ் ஜியோபோன் (தரை அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் சிறு உணரி) ஒன்று இருக்கிறது. அதன் குறிப்பலையைப் பெருக்கியே தொலைதூர நடுக்கங்களைப் பார்க்க முடியாதா?

சுருள்காந்தம்:
முடியாது. 20 வினாடி மேற்பரப்பு அலைக்கு அதன் உணர்திறன் ஏறக்குறைய எட்டாயிரம் மடங்கு விழுந்துவிடும். பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். அருகில் நடக்கும் சிறு நடுக்கங்களுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கிடைஊசல்:
இதில் அவர் சொல்வது சரி. ஆனால் சாய்வைப் பற்றிப் பேசும்போது பாதியை மறைக்கிறார். பின்னூட்டம் எடையை முட்டாமல் காக்கும், அவ்வளவுதான். தரை சாய்வதையும் பக்கவாட்டில் முடுக்கப்படுவதையும் எந்தக் கிடைமட்டக் கருவியாலும் பிரித்தறிய முடியாது. ஒரு நானோரேடியன் சாய்வு, 20 வினாடியில் 0.1 மைக்ரோமீட்டர் தரை அசைவாகத் தெரியும். 100 வினாடியில் 2.5 மைக்ரோமீட்டராகத் தெரியும். அலைவு நேரத்தை நீட்ட நீட்ட நீங்கள் சாய்வுமானிதான் கட்டுகிறீர்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு: 1889 ஏப்ரல் 17 அன்று ஜப்பானிய நடுக்கத்தை ஜெர்மனியின் போட்ஸ்டாமில் பதிவு செய்தது, செங்குத்துத் திசையின் நுண்மாற்றங்களை, அதாவது சாய்வை, அளக்க வானியலாளர் ரெபூர்-பாஷ்விட்ஸ் வைத்திருந்த கிடைமட்ட ஊசல்தான்.

நிலவறை:
சாய்வுதான் தொல்லை என்றால், மேல்கீழ் அசைவை அளக்கும் செங்குத்துக் கருவி கட்டுங்களேன். அதைச் சிறு சாய்வு ஏறக்குறையத் தொடுவதே இல்லை.

கிடைஊசல்:
அங்கே வில் காத்திருக்கிறது. எடை முழுவதும் எஃகு வில்லில் தொங்குகிறது. ஒரு பாகை செல்சியஸ் கூடினால் எஃகின் விறைப்பு ஏறக்குறைய நாலாயிரத்தில் ஒரு பங்கு குறையும். நாம் தேடும் முடுக்கம் புவியீர்ப்பில் நூறு கோடியில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், அதைப்போல் இரண்டரை லட்சம் மடங்கு! மெதுவான மாற்றம் என்பதால் வடிகட்டலாம்தான், ஆனால் முதல் கருவிக்கு இந்தத் தலைவலி வேண்டாம்.

நிலவறை:
தடித்த நுரைப்பலகைப் பெட்டிக்குள் வைத்தால் பெருமளவு அடங்கும். சூடாகும் மின்சுற்றைப் பெட்டியின் அடியில் மட்டும் வைக்காதீர்கள், சூடான காற்று மேலெழுந்து சுழலும். மேல்மூடிக்கு அருகில் வைத்தால் அது அங்கேயே தங்கிவிடும். கிடைமட்ட ஊசலுக்கும் இதே விதிதான்.

புதுத்தச்சன்:
சரி, கிடைமட்ட ஊசலையே கட்டிவிட்டேன் என்று வையுங்கள். கீல் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிடைஊசல்:
தணிப்புக் காந்தத்தைக் கழற்றுங்கள். எடையை ஐந்து மில்லிமீட்டர் தள்ளி விட்டுவிட்டு, அது தானாக அடங்குவதைப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிட ஒரே விகிதத்தில் குறைந்தால் கீல் நன்று. ஒரே அளவாகக் குறைந்து வந்து திடீரென நின்றால் ஊசிமுனை உரசுகிறது. முனையைத் தீட்டுங்கள், அல்லது அது அமரும் இடத்தில் இன்னும் கடினமான தகடு வையுங்கள்.

சுருள்காந்தம்:
அல்லது ஊசிமுனையே வேண்டாம். தண்டை மேலும் கீழுமாக இரண்டு மெல்லிய கம்பிகளில் இழுத்துக் கட்டும் சோல்னர் முறை 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. உரச அங்கே எதுவும் இல்லை. இப்படிக் கட்டிய ஊசலில் பின்னர் ஒரு சுருளைச் சேர்த்தால் என் கட்சிக்கு வந்துவிடலாம்.

கிடைஊசல்:
கம்பி முறைக்கு நான் எதிரியில்லை. சுருளைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அவர் ஒரு நடுக்கத்தைப் பதிவு செய்யட்டும்.