பேட்டரி மேல் பழி போட்ட கதைகள்: பழைய அவுட்போர்ட் (படகின் பின்னால் மாட்டும் மோட்டார்) வைத்திருப்பவர்கள் வாங்க

ஆற்றோரத்தான்
ஊர் மலேசியாவில் பேராக், ஊத்தான் மெலிந்தாங். மோட்டார் 40 குதிரைச் சக்தி, டூ ஸ்ட்ரோக், பட்டன் ஸ்டார்ட். வயதைக் கேட்காதீர்கள், எஸ்டேட் லயத்து வீடுகளை இடிப்பதற்கு முன்னால் வாங்கியது. பெர்னாம் ஆற்றில் ஊடாங் காலா (பெரிய ஆற்று இறால்) பிடிக்கப் போய்த் திரும்பும்போது பட்டனை அழுத்தினால் ‘டக்’, அவ்வளவுதான். கயிறு இழுத்து வந்து சேர்ந்தோம். பேட்டரிக்கு ஆயுள் முடிந்திருந்தது, அதில் சண்டை இல்லை.

புதுசு மாட்டும்போதுதான் வினை. பட்டறைப் பையன் கறுப்பு வயரையும் சிவப்பு வயரையும் இடம் மாற்றி வைத்தான். பளீரென்று ஒரு நீலப் பொறி, கூடவே கருகிய வாடை. ஃபோர்மேன் ஓடிவந்து நேராக மாட்டிவிட்டு, “ஒன்னும் ஆகல லா” என்றார். மோட்டாரும் கிளம்பியது. கொஞ்ச நாளில் அந்தப் புதுப் பேட்டரியும் படுத்தது. கேட்டால், “பேட்டரி சரக்கே சரியில்ல.”

பக்கத்து வீட்டுப் பெரியப்பா எஸ்டேட் மில்லில் ஒயர்மேனாக இருந்தவர். பேட்டரியைத் தொடவே இல்லை. “ஆர்பிஎம் முள் எப்பப்பா படுத்துச்சு?” என்றார். அப்போதுதான் பார்க்கிறேன், முள் பூஜ்யத்தில் கிடக்கிறது. பேட்டரிக்குச் சார்ஜ் வரும் வழியிலிருந்துதான் அந்த முள்ளும் ஆடும். ஸ்டேட்டர் (மோட்டார் சுற்றும்போது கரண்ட் உண்டாக்கும் காயில்) வயர் இரண்டையும் ரெக்டிஃபயரிலிருந்து (அந்த ஏசி கரண்டைப் பேட்டரிக்கு ஏற்ற டிசியாக மாற்றும் பாகம்) கழற்றி மீட்டரை வைத்தார். வேகம் கூட்டக் கூட்ட ஏசி வோல்ட் ஏறியது. காயில் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு ரெக்டிஃபயரின் டையோடுகளைச் சோதித்தார். நல்ல டையோடு கரண்டை ஒரு பக்கம் விடும், மறுபக்கம் விடாது. இதில் எந்தப் பக்கம் வைத்தாலும் விடவில்லை. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ எந்தக் காலத்திலோ செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள். ஃபியூஸ் இருந்திருந்தால், வயர் மாறினபோது ஒருவேளை அது மட்டும் போய் ரெக்டிஃபயர் தப்பியிருக்கும். மோட்டார் கிளம்பியதால் நாங்கள் யாரும் சந்தேகப்படவில்லை. தீப்பொறிக்குத் தனிக் காயில், பேட்டரிக்குத் தனிக் காயில், அதனால் பேட்டரியே இல்லாவிட்டாலும் இது ஓடும். அந்த “ஒன்னும் ஆகல” இன்னும் காதில் கேட்கிறது.

உப்புத்தண்ணி
எல்லாரும் இப்படித்தான், எடுத்தவுடனே ரெக்டிஃபயர். நான் பாகான் டத்தோ பக்கம், கடல்வாய். எனக்கு ரெக்டிஃபயர் முனையில் 14 வோல்ட், பேட்டரி முனையில் 12.3. நடுவில் எங்கே போச்சு? கேபிளைத் தோலுரித்தால் செம்பு இல்லை, பச்சைப் பொடி கொட்டுது. வெளியே பார்க்கப் புதுசு மாதிரி இருந்த கேபிள்! முதலில் வயரைப் பாருங்க, அப்புறம் காசு செலவு பண்ணுங்க.

ஆற்றோரத்தான்
அண்ணே, என்னுடையதில் டையோடு செத்தது மீட்டரிலேயே தெரிந்தது. வயரும் பார்த்தாச்சு.

மில்லு மணி
என் கதை சின்னது. மூடிய ரகப் பேட்டரி வாங்கி மாட்டினேன். முழு வேகத்தில் வரும்போது காலடியில் ‘உஸ்ஸ்’ என்று சத்தம், அழுகின முட்டை வாடை, பேட்டரி பக்கவாட்டில் உப்பியிருந்தது. சிகரெட்டைத் தண்ணீரில் வீசினேன்.

இனி நான் சொல்வதைக் கேளுங்கள். பழைய மோட்டார் பலவற்றில் ரெகுலேட்டரே கிடையாது, வெறும் ரெக்டிஃபயர்தான். வேகம் கூடினால் வோல்ட் கட்டுப்பாடில்லாமல் ஏறும். அதற்குத் தண்ணீர் ஊற்றுகிற சாதாரணப் பேட்டரிதான் தாங்கும், தண்ணீர் குறைந்தால் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றலாம். மூடினதில் எங்கே ஊற்றுவது? இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி வயரைக் கழற்றி ‘சார்ஜ் ஆகுதா’ என்று பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், அந்த வோல்ட் குதியில் டையோடு போகும். சும்மா வைத்திருக்கும் பேட்டரி 12.6 காட்டினால் நிறைவு, 12 காட்டினால் கிட்டத்தட்ட காலி. நடுத்தர வேகத்தில் 13.5க்கு மேல் வந்தால் சார்ஜ் ஆகிறது. 15ஐத் தாண்டினால் சந்தோஷப்படாதீர்கள். உப்புத்தண்ணி சொல்வது உப்பு நீருக்குச் சரி, ஆற்றுக்காரர்களுக்கு அது முதல் சந்தேகம் இல்லை. முனைகளில் பட்டாம்பூச்சி நட்டை எடுத்துவிட்டு நல்ல நட்டும் பூட்டு வாஷரும் போடுங்கள்.

உப்புத்தண்ணி
மணி அண்ணே, பெர்னாம் ஆற்றிலும் பெருக்கு ஏறும்போது உப்பு ஏறத்தான் செய்யுது. ஊத்தான் மெலிந்தாங் ஜெட்டிக்கு வந்து நக்கிப் பாருங்க.

லயத்துப் பையன்
எங்க மாமா கதை வேற. எதுவும் கெடவில்லை. ராத்திரி முழுக்க மெதுவோட்டம், 55 வாட் விளக்கு, ஊடாங் உயிரோடு இருக்க பம்பு. விளக்கு மட்டுமே நாலரை ஆம்பியர் தின்னும். 15 குதிரைச் சக்தி மோட்டார். அதன் லைட்டிங் காயில் (விளக்குக்கும் பேட்டரிக்கும் கரண்ட் தருவது) முழு வேகத்திலேயே 80 வாட்தான், மெதுவோட்டத்தில் அதில் கால்வாசி வந்தாலே பெரிசு. மூணு பட்டறை பார்த்தும் யாரும் இந்தக் கணக்கைப் போடலை. எல்.ஈ.டி. விளக்கு மாற்றினதோடு சரி. மாமா மட்டும் இன்னும் பேட்டரிக் கடைக்காரரைத்தான் திட்டுறார்.

ஆற்றோரத்தான்
பையா, அந்த எல்.ஈ.டி. எந்த நிறம்? வெள்ளை வெளிச்சத்தில் ஊடாங் ஒதுங்குது என்று இங்கே ஒரு கோஷ்டி சொல்லுது.