கீழத்தெரு சொந்தங்கள்: டி.சி.ல கையெழுத்துப் போடாதீங்க

செவ்வாய், இரவு 7.48

செல்வி: எல்லாரும் இருக்கீங்களா

செல்வி: நாளைக்கு அப்பா அம்மா யாராச்சும் வந்து டி.சி. வாங்கிட்டுப் போகணும்னு பாப்பாகிட்ட சொல்லி விட்டுருக்காங்க. காலாண்டுல கணக்கு 17. அதுக்குத்தான்

பாண்டி: என்னது

பாண்டி: யாரு சொன்னது மதினி, ஹெச்.எம்மா?

செல்வி: ஆமா. பத்தாவதுல ஒம்போது பிள்ளைகளை எந்திரிக்கச் சொல்லிச் சொன்னாராம். ஸ்கூல் ரிசல்ட் கெட்டுப்போயிருமாம், டுடோரியல்ல சேந்து பிரைவேட்டா எழுதிக்கிறணுமாம்

குமார் திருப்பூர்: ஜூன்ல இருந்து கணக்கு டீச்சரே இல்லையே. அப்புறம் 17-தான் வரும்

லட்சுமி அத்தை: பகிரப்பட்டது: அவசரம்!! நூறு பிள்ளைகளுக்குக் கீழ் உள்ள அரசுப் பள்ளிகள் எல்லாம் மூடல். இன்றிரவுக்குள் அனைவருக்கும் அனுப்பவும்

ராசு பிளம்பர்: அய்யய்யோ நெசமாவா

வாத்தியார் பெரியப்பா: லட்சுமி, அதை அழி. தேதி இல்லை, அரசாணை எண் இல்லை, யாரு போட்டதுன்னும் இல்லை. பொய்.

லட்சுமி அத்தை: எனக்கு வந்துச்சுண்ணே, அனுப்புனேன்

லட்சுமி அத்தை: வெள்ளிக்கிழமை மதுரை பாண்டி கோயிலுக்கு வேன் சொல்லணும். எத்தனை தலைன்னு யாருமே சொல்லலை

வாத்தியார் பெரியப்பா: செல்வி, நிதானமாப் படிமா. டி.சி.ங்கிறது பள்ளிக்கூடம் தானாக் குடுக்குற காயிதம் இல்லை. பெத்தவங்க எழுதிக் கேட்டாத்தான் குடுக்கலாம். உங்களை வரச்சொல்றதே அதுக்குத்தான். "குடும்பச் சூழ்நிலை காரணமாக மாற்றுச் சான்றிதழ் வேண்டும்"னு எழுதி வச்சிருப்பாங்க, கீழ கையெழுத்துக் கேப்பாங்க. போடாத. வெறும் தாளை நீட்டுனாலும் போடாத. உன் கையெழுத்து விழுந்துட்டா எமிஸ்ல, அதான் கல்வித்துறையோட கம்ப்யூட்டர் பதிவுல, பிள்ளை பேரைக் காமன் பூலுக்கு, எந்த ஸ்கூல்லயும் இல்லாதவங்க பட்டியலுக்குத் தள்ளிருவாங்க. இன்னொரு பள்ளிக்கூடம் அங்கிருந்து எடுத்துச் சேத்தாத்தான் அது மறுபடி மாணவி. அக்டோபர்ல, பத்தாவதுல, கணக்குல 17 எடுத்த பிள்ளையை எவன் சேப்பான்? பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் எமிஸ்ல இருந்துதான் போகுது. பட்டியல்ல இல்லைன்னா ஹால் டிக்கெட் கிடையாது.

செல்வி: மாமா அப்ப போகவே வேணாமா

வாத்தியார் பெரியப்பா: போகணும். போகாட்டி "பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை"ன்னு எழுதி வச்சுக்குவாரு. இன்னொண்ணு. கல்வி உரிமைச் சட்டம் 2009, 16-ஆவது பிரிவு, பிள்ளையை வெளிய அனுப்பக் கூடாதுங்கிறது எட்டாவது வரைக்கும்தான். பத்தாவதுக்கு அதைத் தூக்கிட்டுப் போய்ப் பேசாதீங்க, ஒரே நிமிசத்துல மடக்கிருவாரு. நீ சொல்ல வேண்டியது ரெண்டே வரி. "நான் டி.சி. கேக்கலை. வேணும்னு நீங்க சொன்னா காரணத்தை எழுத்துல குடுங்க." எழுத்துல குடுக்க மாட்டாரு.

பாண்டி: எழுத்தாவது கிழுத்தாவது. வெள்ளனே பஸ் ஸ்டாப்புல உக்காந்துருவோம். ஏழு மணி திருமங்கலம் பஸ்ஸை மறிச்சா ஒம்போது மணிக்கு ஆபீசரு வந்து நிப்பாரு

ராசு பிளம்பர்: அந்தப் பஸ்லதான் மச்சான் நான் வேலைக்குப் போறேன்

வாத்தியார் பெரியப்பா: மறியல் பண்ணா தாசில்தாரு வருவாரு, ஒரு வாரத்துல சரி பண்றோம்பாரு, கலைஞ்சு போவோம். வழக்கு மட்டும் நம்ம பயலுக மேல நிக்கும். மொதல்ல காயிதம்.

குமார் திருப்பூர்: மீனா மதினி பாத்துட்டாங்க, ரெண்டு டிக்கும் நீலமாயிருச்சு. பள்ளி மேலாண்மைக் குழு, எஸ்.எம்.சி. தலைவர் அவங்கதானே, என்ன சொல்றாங்க

பாண்டி: அவங்க என்ன சொல்வாங்க. ஹெச்.எம். சொல்றதைத்தான்

மீனா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மீனா: நான் பேசலைன்னா எனக்குத் தெரியாதுன்னு இல்லை. மாசாமாசம் கூட்டம்னு சொல்லி நோட்டை வீட்டுக்கே குடுத்து விடுவாரு. கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். டி.சி. விசயம் எங்கிட்ட யாரும் கேக்கலை

செல்வி: அக்கா கூட்டமே நடக்காமயா கையெழுத்துப் போட்டீங்க

மீனா: உங்க வீட்டாளுகளைக் கூப்புட்டா வந்துருவாங்களாக்கும். ஆகஸ்ட்ல கூப்புட்டேன், நாலு பேரு வந்தீங்க. அதுல ரெண்டு பேரு கோயில் வரிக் கணக்குப் பேசவே வந்தீங்க

பாண்டி: அந்தக் கணக்கு இன்னும் வரலைல

லட்சுமி அத்தை: அதை இங்க இழுக்காதீங்கப்பா

வாத்தியார் பெரியப்பா: மீனா, உன்னைக் குறை சொல்ல எழுதலை. அந்தக் குழுவோட பலம் உனக்கு யாரும் சொல்லித் தரலை. சட்டப்படி அதுல முக்கால்வாசிப் பேரு பெத்தவங்க, பாதிப் பேரு பொம்பளைக. தலைவர் பெத்தவங்கள்ல ஒருத்தரு. ஹெச்.எம். அதுல ஒரு உறுப்பினருதான். கூட்டம் கூட்டுறது, நோட்டு எழுதுறது அவரு வேலை. தீர்மானம் குழுவோடது. நடக்காத கூட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டா, கணக்கு வாத்தியார் இல்லைங்கிற குறையே அந்த நோட்டுல ஏறாது. நாளைக்கு ஆபீசரு வந்து புரட்டுனா "குறை ஏதுமில்லை"ன்னு உன் கையெழுத்தோட இருக்கும். உன் பேரைக் கெடுக்குறதும் அந்த நோட்டுதான்.

மீனா: அவரையும் கொஞ்சம் யோசிங்க மாமா. ஆபீஸ்ல கிளார்க் போஸ்ட் காலி. எமிஸ், சம்பள பில்லு, சைக்கிள் லிஸ்ட்டு, ஸ்காலர்ஷிப்பு எல்லாம் அவரே தட்டுறாரு. இன்னொரு ஸ்கூலுக்கும் பொறுப்பு. வாரத்துல ரெண்டு நாளு அங்கிட்டுப் போயிடுறாரு

வாத்தியார் பெரியப்பா: அது உண்மை, நான் மறுக்கலை. ரெண்டு ஸ்கூலைச் சேத்து இழுக்குறது ஒருத்தரால முடியாது. ஆனா ஆள் இல்லைன்னா ஆள் கேட்டு மேல எழுதணும். எழுதாம ஒம்போது பிள்ளையை வெளிய தள்ளுனா தேர்ச்சி விகிதம் நூறுன்னு வரும், ஊருக்குள்ள ஒம்போது பிள்ளை பத்தாவது முடிக்காம நிக்கும். அதுல பாதிப் பொம்பளப் பிள்ளைகளுக்கு அடுத்த வருசமே மாப்பிள்ளை பாத்துருவாய்ங்க. இது நமக்குத் தெரியாததா?

செல்வி: 🙏

ராசு பிளம்பர்: இதோட அந்தப் பாத்ரூமையும் சேத்துச் சொல்லுங்க மாமா

பாண்டி: இவரு ஒருத்தரு

ராசு பிளம்பர்: ஏன் மச்சான், பிள்ளைக காலையில இருந்து தண்ணி குடிக்காம வருதுக, எதுக்குன்னு நெனச்சீங்க. மோட்டாரு நல்லாத்தான் ஓடுது. கீழ தொட்டிக்குள்ள இருக்குற ஃபுட் வால்வு லீக்கு. ராத்திரி பைப்புல நிக்கிற தண்ணி பூரா தொட்டிக்கே எறங்கிருது. காலைல சுவிட்சைப் போட்டா காத்துதான் வரும். ஒரு குடம் தண்ணி ஊத்தி, பம்பை நெறச்சு, அப்புறம் போட்டாத்தான் மேல ஏறும். அதைச் செய்ய அங்க ஆளு இல்லை. மேல் டேங்க் காலி, பாத்ரூம் பூட்டு

குமார் திருப்பூர்: மாத்த எவ்வளவு ஆகும்

ராசு பிளம்பர்: பித்தளை வால்வு சில நூறு ரூபாதான். அரைநாள் வேலை. கூலி வேணாம். தண்ணி இல்லாம மோட்டாரை ஓட விட்டுக்கிட்டே இருந்தா சீல் போயிரும், அப்ப ஆயிரக்கணக்குல செலவு

குமார் திருப்பூர்: நாங்க பழைய செட்டு சேந்து ஸ்மார்ட் டிவி வாங்கிக் குடுக்கலாம்னு இருந்தோம்

வாத்தியார் பெரியப்பா: டிவி அப்புறம் தம்பி. மொத வால்வு. பள்ளி மானியம்னு வருசத்துக்கு ஒண்ணு உண்டு. 101-ல இருந்து 250 பிள்ளை வரைக்கும் இருக்குற ஸ்கூலுக்கு 50,000 ரூபா, அதுல பத்துல ஒரு பங்கு சுகாதாரத்துக்குன்னே செலவழிக்கணும். இந்த வருசம் அது வந்துச்சா, வந்தா எதுக்குப் போச்சுங்கிற கேள்வியைக் கூட்டத்துல மீனா கேக்கணும். 2024-ல குழுவைப் புதுசா அமைச்சப்ப முன்னாள் மாணவரையும் சேத்தாங்க. நம்ம ஊர்ல அந்த இடத்துல யாரு பேரு இருக்குன்னும் பாருங்க.

மீனா: அது யாருன்னு எனக்கே தெரியலை

இரவு 8.40

பாண்டி: நான் ஒண்ணு சொல்லிர்றேன். என் மகன் எட்டாவது. அரையாண்டு லீவுல திருமங்கலத்துல மெட்ரிக்ல போடப்போறேன். இங்க இருந்து என்ன ஆகப்போகுது

குமார் திருப்பூர்: டேய் 7.5 போயிரும்டா

பாண்டி: எது

குமார் திருப்பூர்: ஆறுல இருந்து பன்னெண்டு வரை கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சாத்தான் டாக்டர் சீட்டுல 7.5 சதவீத ஒதுக்கீடு. 2020-ல வந்தது. நடுவுல ஒரு வருசம் மெட்ரிக் போனாலும் அவுட்டு. காலேஜ் போறப்ப மாசம் 1,000 ரூபாயும் கிடைக்காது, பயலுகளுக்குத் தமிழ்ப் புதல்வன், பொம்பளப் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண்

பாண்டி: அவன் டாக்டராகப் போறானாக்கும்

லட்சுமி அத்தை: ஏன்டா ஆகக் கூடாதா

வாத்தியார் பெரியப்பா: பாண்டி, உன் பிள்ளை, உன் முடிவு. ஒண்ணு மட்டும் கேளு. ஆகஸ்ட் 1 அன்னைக்கு எத்தனை பிள்ளைங்கிறதை வச்சுத்தான் ஒரு ஸ்கூலுக்கு எத்தனை வாத்தியார்னு நிர்ணயம் பண்றாங்க. எண்ணிக்கை குறைஞ்சா இருக்குற வாத்தியாரும் உபரின்னு பணி நிரவல்ல வேற ஊருக்குப் போயிருவாரு. பத்துப் பேரு உன்னை மாதிரி கூட்டிட்டுப் போனா, மிச்சம் இருக்குற பிள்ளைக்கு அறிவியலும் இல்லாமப் போகும்.

பாண்டி: சரி பெரியப்பா வாத்தியாருக்கு வழி சொல்லுங்க

வாத்தியார் பெரியப்பா: நிரந்தரம் டிரான்ஸ்ஃபர் கவுன்சிலிங்ல வரணும், இல்லைன்னா ஆசிரியர் தேர்வு வாரியம், டி.ஆர்.பி. தேர்வுல வரணும். இந்த வருசப் பிள்ளைகளுக்கு ரெண்டும் ஒதவாது. தற்காலிகமா, எஸ்.எம்.சி. மூலமாப் போடலாம். 2022-ல இருந்து அந்த வழி இருக்கு. பட்டதாரி ஆசிரியருக்கு மாசம் 15,000 தொகுப்பூதியம். பி.எட். வேணும், ஆசிரியர் தகுதித் தேர்வு, அதான் டெட், பாஸானவங்களுக்கு முன்னுரிமை. நம்ம பள்ளிக் காலியிடம் மாவட்டக் கல்வி அலுவலர் (டி.இ.ஓ.) ஆபீஸ் பட்டியல்ல இருந்தாத்தான் சம்பளம் வரும். ஹெச்.எம். அந்தக் காலியிடத்தைக் காட்டுனாரா இல்லையாங்கிறதுதான் இப்ப கேள்வி.

லட்சுமி அத்தை: மீனா தங்கச்சி கவிதா பி.எட். கணக்குதானே

பாண்டி: ஆஹா. அப்ப சரி. கோயில் வரி ஒரு வீட்டுல, வேலையும் அதே வீட்டுலயா

மீனா: நான் கேட்டனா? நான் கேட்டனா இப்ப

செல்வி: பாண்டி சும்மா இரு. கவிதா டெட் பாஸ் பண்ணிருக்கு. இந்தச் சுத்துல வேற யாரு இருக்கா

வாத்தியார் பெரியப்பா: பேச்சு வராம இருக்கணும்னா ஒரு வழி. பஞ்சாயத்துப் போர்டுலயும் ஸ்கூல் வாசல்லயும் நோட்டீஸ் ஒட்டுங்க, ஒரு வாரம் விண்ணப்பம் வாங்குங்க. வந்தவங்க ஒவ்வொருத்தரையும் பத்தாவது பிள்ளைக முன்னால இருபது நிமிசம் பாடம் எடுக்கச் சொல்லுங்க. தேர்ந்தெடுக்குறப்ப மீனா எந்திரிச்சு வெளிய உக்காரட்டும், அதையும் நோட்டுல எழுதட்டும். அதுக்கப்புறம் கவிதாவே வந்தாலும் எவனும் வாய் தொறக்க முடியாது.

மீனா: வெளிய உக்கார்றேன். எனக்கென்ன

வாத்தியார் பெரியப்பா: அதுவரைக்கும் சாயங்காலம் 5-ல இருந்து 6.30 நான் எடுக்குறேன், சமுதாயக் கூடத்துல. ஒம்போது பேரும் வரட்டும். 35-தான் குறி. பேப்பரைப் பிரிச்சுப் பாருங்க: ஒரு மார்க் 14, ரெண்டு மார்க் பத்து, அஞ்சு மார்க் பத்து, எட்டு மார்க் ரெண்டு. அந்த எட்டு ரெண்டும் வரைபடமும் செய்முறை வடிவியலும். 16 மார்க். ஃபார்முலா மனப்பாடம் கம்மி, கைப்பழக்கம்தான். வடிவொத்த முக்கோணம், வட்டத்துக்குத் தொடுகோடு, அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் குடுத்த முக்கோணம். இந்த மூணு வகையை மாத்தி மாத்தி வரைஞ்சாப் போதும். உதவிப்படம் போடாம நேரா வரையுதுக, அதுல மார்க் போகும். கிராஃப்ல அளவுத்திட்டம் எழுத மறந்துருதுக. பரவளையத்தை ஸ்கேலை வச்சுப் புள்ளிக்குப் புள்ளி கோடு இழுத்துருதுக. அது வளைவா, கையாலதான் வரணும். இந்த மூணைத் திருத்துனாலே 17 எடுத்த பிள்ளை 25-க்கு மேல வரும். புத்தகத்துப் பின்னாடி இருக்குற ஒரு மார்க்குல ஏழெட்டு, அணிகள்ல ஒரு அஞ்சு மார்க். கரை ஏறியாச்சு.

செல்வி: காம்பஸ் வாங்கணும் மாமா, பழசுல முள்ளு ஆடுது

வாத்தியார் பெரியப்பா: ஆடுற காம்பஸ்ல வட்டம் மூடாது. எச்.பி. பென்சிலைக் கூராச் சீவி மாட்டு. கிராஃப் ஷீட் ஆளுக்கு இருபது.

குமார் திருப்பூர்: கிராஃப் ஷீட், காம்பஸ் செலவு நான் பாத்துக்கிறேன் பெரியப்பா. ஒம்போது செட்டு

இரவு 9.15

வாத்தியார் பெரியப்பா: இப்ப மனு. வெள்ளைத்தாள்ல, ஹெச்.எம். வழியா மாவட்டக் கல்வி அலுவலருக்குன்னு எழுதி, முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு நகல். மூணு விசயம் மட்டும்: கணக்கு ஆசிரியர் ஜூன்ல இருந்து இல்லை, டி.சி. வாங்கச் சொன்ன தேதியும் எத்தனை பிள்ளைங்கிறதும், கழிப்பறைத் தண்ணி. ஹெச்.எம்மைப் பத்தி வசவு ஒரு வரி இருக்கக் கூடாது. வசவு இருந்தா அதை மட்டும் விசாரிச்சு முடிச்சிருவாங்க. ஒரு பிரதியில "பெற்றுக்கொண்டேன்"னு தேதி, சீல் வாங்குங்க. வாங்க மாட்டேன்னா ஒப்புகையோட ஸ்பீடு போஸ்ட். அதுக்கும் அசையலைன்னா திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளு. அண்ணா பஸ் ஸ்டாண்டுல எறங்குனா நடக்குற தூரம். மனு எண் வாங்காம வரக் கூடாது. நவம்பர் 1 கிராம சபையில தீர்மானமாவும் போடணும்.

பாண்டி: தகவல் சட்டம்?

வாத்தியார் பெரியப்பா: போடலாம். 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒரு வருச எஸ்.எம்.சி. கூட்ட நோட்டோட நகலும் மானியச் செலவுக் கணக்கும் கேளு. 30 நாள்ல பதில் வரணும். ஏன், எதுக்குன்னு கேக்காத, அதுக்குப் பதில் சொல்ல மாட்டாங்க. நகல் கேளு.

மீனா: நோட்டு நகல் கேட்டா என் கையெழுத்துதானே வரும் மாமா

பாண்டி: வரட்டும் மதினி

மீனா: சொல்றதைச் சொல்லிட்டு இருங்க. நான் நாளைக்கு அவருகிட்ட நேர்லயே கேக்குறேன். வெள்ளிக்கிழமை 3 மணிக்குக் கூட்டம் போடச் சொல்லி எழுதிக் குடுக்குறேன்

லட்சுமி அத்தை: வெள்ளிக்கிழமை கெடா வெட்டு. அப்ப யாரு கூட்டத்துக்கு வருவா

ராசு பிளம்பர்: சாப்பாடு ஒரு மணிக்கு முடிஞ்சா மூணு மணிக்கு வந்துரலாம்ல

லட்சுமி அத்தை: மாட்டுத்தாவணி தாண்டி வேன் திரும்புறதுக்கே மூணாயிரும்

குமார் திருப்பூர்: கூட்டத்தைத் திங்கக்கிழமைக்கு மாத்துங்க

பாண்டி: திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்னு சொன்னாரே

வாத்தியார் பெரியப்பா: அது அதுக்கடுத்த வாரத் திங்கக்கிழமை. கூட்டம் மொதல்ல. மீனா, தேதி எதுவானாலும் கூட்டம் கூடினப்புறம்தான் கையெழுத்து.

மீனா: சரி மாமா

செல்வி: நாளைக்கு 9.30-க்கு நான் ஸ்கூலுக்குப் போறேன். மத்த எட்டு வீட்டுலயும் இப்பவே சொல்லிர்றேன். கூட யாரு வாரீங்க

மீனா: நான் வாரேன். ஸ்கூல் கேட்டுக்கிட்ட நில்லு

ராசு பிளம்பர்: அக்கா, அப்புடியே அந்தத் தொட்டிக்குள்ள எறங்குற பைப்பு ஒரு இஞ்சா ஒண்ணே கால் இஞ்சான்னு பாத்து ஒரு போட்டோ போடுங்க. வால்வு வாங்கணும்

பாண்டி: நான் வாரதைக் காலைல சொல்றேன்

லட்சுமி அத்தை: வேனுக்கு எத்தனை தலைன்னு இன்னும் யாரும் சொல்லலை