மா ஒட்டு மரங்களின் தரவைக் கொண்டு மரபுத்திறனைக் கணிக்கலாமா?

கேள்வி:
வணக்கம். பழ எடை, இனிப்பு ஆகியவற்றின் மரபுத்திறனை, அதாவது மரங்களுக்கிடையே காணும் வேறுபாட்டில் மரபணுக்களால் வரும் பங்கை, அறிய விரும்புகிறேன். என்னிடம் 12 மா இரகங்கள், இரகத்துக்கு 4 ஒட்டு மரங்களாக, ஒரே தோட்டத்தில் உள்ளன. இவற்றைக் கொண்டு கலப்பினச் சந்ததி எப்படி அமையும் என்று சொல்ல முடியுமா?

மறுமொழி 1:
முடியாது. இரகங்களுக்கிடையேயான மாறுபாட்டை ஒரே இரக மரங்களுக்கிடையேயான மாறுபாட்டோடு ஒப்பிட்டால் கிடைப்பது அகன்ற பொருளிலான மரபுத்திறன் மட்டுமே. அதில் மரபணுக்களின் ஓங்கு தன்மையும் (ஒரு மரபணு வடிவம் தன் இணையை மறைப்பது) இடைவினையும் (வெவ்வேறு மரபணுக்கள் ஒன்றையொன்று பாதிப்பது) கலந்திருக்கும்; ஒட்டுக் கட்டும்போது அவை அப்படியே கடந்து செல்லும், விதை வழியே செல்லும்போது கலைந்துவிடும். ஆகவே சிறந்த இரகத்தைத் தேர்ந்து பெருக்க உங்கள் தரவு உதவும். சந்ததியைக் கணிக்க, பல கலப்புகளின் நாற்றுகளை வளர்த்து, பெற்றோர் இருவரின் சராசரிக்கு எதிராகச் சந்ததியின் சராசரியை வரைந்து, அக்கோட்டின் சரிவைக் காண வேண்டும்; பெற்றோரிடமிருந்து சந்ததிக்குக் கடக்கும் பங்கை அச்சரிவு காட்டும். மா காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதே இதில் பெரிய தடை.

மறுமொழி 2:
ஒரே கலப்பை நம்ப வேண்டாம். ஆம்ரபாலி, மல்லிகா என்னும் மா இரகங்கள் இரண்டுமே தசேரி, நீலம் என்ற இரகங்களின் வழித்தோன்றல்கள். ஆனால் மல்லிகாவின் பழம் ஆம்ரபாலியைவிடத் தெளிவாகப் பெரியது.

வேர்ச்செடியையும், அதாவது ஒட்டுக் கட்டப் பயன்படும் அடிச்செடியையும், கவனியுங்கள். ஒற்றைக் கருவுள்ள கொட்டைகளிலிருந்து வளர்ந்த வேர்ச்செடிகள் ஒன்றுக்கொன்று மரபில் வேறுபடுவதால், இரகத்துக்குள் மாறுபாடு கூடி மரபுத்திறன் குறைவாகத் தோன்றும். வெள்ளைக்கொழும்பான் போன்ற பல்கரு இரகத்தில் ஒரு கொட்டையில் பல கருக்கள் இருக்கும், அவற்றில் பெரும்பாலானவை தாய் மரத்தின் நகல்கள்; ஆகவே அதன் வேர்ச்செடிகள் பெரும்பாலும் ஒரே சீராக இருக்கும். காய்ப்பு ஓராண்டு விட்டு ஓராண்டு மாறும் இரகங்களில், குறைந்தது 4 ஆண்டுகளாவது அளவெடுங்கள்.