பிள்ளைக்கு வீசிங்: எப்போது எமர்ஜென்சிக்குக் கிளம்பணும்?

கேள்வி: ஐந்து வயசுப் பிள்ளை. மூச்சிழுப்பு வந்தால் ஸ்பேசரில் (இன்ஹேலரில் மாட்டும் குழாய்) சால்பியூட்டமால் (மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து) எத்தனை பஃப் (ஒரு தடவை அழுத்தினால் வரும் மருந்து) கொடுக்கலாம்? அடங்கலைன்னா ஆஸ்பத்திரியில் என்ன செய்வாங்க?

பதில் 1: உங்க டாக்டர் எழுதிக்கொடுத்த அளவுதான் முதல். பொதுவா 100 மைக்ரோகிராம் இன்ஹேலரை நல்லா குலுக்கி, ஒரு தடவைக்கு ஒரே பஃப். ஐந்தாறு மூச்சு இழுக்க விடுங்க. அரை நிமிஷம் கழிச்சு மறுபடி குலுக்கி அடுத்தது. 10 வரை போகலாம். ரெண்டு பஃப்பைச் சேர்த்து அடிச்சா மருந்து ஸ்பேசர் சுவரிலேயே ஒட்டிக்கும். 10 அடிச்சும் அடங்கலைன்னா, அடங்கி நாலு மணி நேரத்துக்குள்ள திரும்ப வந்தா, கிளம்பிடுங்க.

பதில் 2: எண்ணிக்கிட்டே இருந்துடாதீங்க. சட்டையைத் தூக்கிப் பாருங்க: விலா எலும்புக்கு நடுவே, தொண்டைக்குழியில் தோல் உள்வாங்குதா? பேச்சு வரலையா, உதடு நீலமா, துவண்டு போறானா? உடனே ஆம்புலன்ஸ். 'வீ' சத்தம் நின்னும் திணறினால் அது நல்ல அறிகுறி இல்லைங்க, காற்றே உள்ளே போகலைன்னு அர்த்தம். படுக்க வைக்காதீங்க, நிமிர்ந்து உட்காரட்டும். வழியிலும் பஃப் தொடரணும்.

பதில் 3: ஆஸ்பத்திரியில் முதலில் விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்ப்பாங்க, தேவைப்பட்டா ஆக்சிஜன். முதல் மணி நேரம் 20 நிமிஷத்துக்கு ஒரு தரம் சால்பியூட்டமால், கடுமைன்னா கூடவே இப்ராட்ரோப்பியம்ங்கிற இன்னொரு மூச்சுக்குழாய் விரிக்கும் மருந்து. மூச்சுக்குழாய் வீக்கம் குறையக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்து வேலை செய்ய சில மணி நேரம் ஆகும், அதனாலதான் உடனே வீட்டுக்கு விடமாட்டாங்க. கை நடுக்கம், படபடப்பு சால்பியூட்டமாலால் வரும். எத்தனை பஃப், எத்தனை மணிக்குன்னு எழுதி எடுத்துட்டுப் போங்க.