எங்கள் வீட்டுக் குழுவில் உகாண்டா

விமலா சித்தி: எல்லோருக்கும் ஒரு செய்தி. இங்கே எமர்ஜென்சி வார்டு பார்க்கிற என் டாக்டர் மகள் கவிதா அடுத்த மாதம் உகாண்டா போகிறாள், இரண்டு வாரம். அங்கே ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்கும் டாக்டர்களுக்கும் எமர்ஜென்சி சிகிச்சை சொல்லிக்கொடுக்கப் போகிறாளாம். சம்பளம் கிடையாது, டிக்கெட்டும் கைக்காசு. என்னிடமே நேற்று ராத்திரிதான் சொன்னாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, நீங்களே கேளுங்கள்.

ராஜாத்தி அத்தை: உகாண்டாவா?? அங்கே எபோலா காய்ச்சல் என்றார்களே. மதினி நீங்கள் எப்படிச் சரி என்றீர்கள்

விமலா சித்தி: நான் எங்கே சரி என்றேன்

செல்வம் பெரியப்பா: சர்வாதிகாரி இடி அமீன் ஆண்ட ஊர். 1972இல் நம் ஆட்களை எல்லாம் 90 நாளில் காலி பண்ணச் சொன்னான். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் என்னோடு இருந்த ஒரு குஜராத்திக்காரரின் சொந்தக்காரர்கள் அப்படித்தான் பம்பாய் வந்து இறங்கினார்கள். கையில் பெட்டியைத் தவிர ஒன்றும் இல்லை.

கவிதா: பெரியப்பா, அது ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கதை. இன்று பம்பாயிலிருந்து, அவர்கள் ஏர்போர்ட் இருக்கிற எண்டெபேக்கு நேரடி விமானமே இருக்கிறது. அத்தை, எபோலா 2022இல் வந்தது, 2025லும் வந்தது, இரண்டையும் முடிந்ததாக அறிவித்துவிட்டார்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்று, அந்த அட்டை இல்லாமல் போனால் திரும்பி வரும்போது நம் ஏர்போர்ட்டிலேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள். இப்போது டியூட்டி, மதியம் எழுதுகிறேன்.

பிரபு: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வம் பெரியப்பா: டேய் என்ன எழுதி அழித்தாய்

பிரபு: ஒன்றும் இல்லை அப்பா. சரி, கேட்டே விடுகிறேன். கவிதா, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. என் ஆபீஸிலும் இப்படி ஒரு கூட்டம் இருக்கிறது, பத்து நாள் போவார்கள், குழந்தைகளைக் கட்டிப்பிடித்துப் போட்டோ, அப்புறம் லிங்க்டினில் ஒரு பெரிய பதிவு. நீ திரும்பி வந்த மறுநாள் அந்த ஆஸ்பத்திரியில் என்ன மாறியிருக்கும்? இன்னொன்று, நம் பம்பாய் சயான் ஸ்டேஷனில் தண்டவாளத்தில் அடிபட்டுக் கிடக்கிறவனைத் தூக்கவே இங்கே ஆள் இல்லை, நீ உகாண்டா போகிறாய்.

ஜெனி மதினி: கேட்கிற விதம் இருக்கிறது இல்லையா. ஆனால் கேள்வி சரிதான், எனக்கும் அதில் பாதி உண்டு.

கவிதா: அண்ணன், முதல் கேள்விக்கு முதலில். போய் இரண்டு வாரம் நான் நோயாளி பார்த்துவிட்டு வந்தால் நீ சொன்னதுதான் நடக்கும், ஒன்றுமே மிஞ்சாது. நான் யாரையும் தொட்டு வைத்தியம் பார்க்கப் போவதில்லை, அப்படிப் பார்ப்பதென்றால் அந்த ஊர் மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு வாங்க வேண்டும். பாடம் மட்டும்தான். உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைக்காரர்களும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஐந்து நாள் பாடம், யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முதல் வாரம் என்னோடு வருகிறவர்களும் நானும் நடத்துவோம். அதில் நன்றாகச் சொல்லிக்கொடுக்க வரும் என்று தெரிகிற நாலைந்து பேரைப் பிடித்து, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஒரு நாள் தனியாக உட்கார்வோம். அடுத்த வாரம் புது ஆட்களுக்கு அவர்களே நடத்துவார்கள், நான் பின் பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்கள் தடுமாறினாலும் எழுந்து போய் மைக்கைப் பிடுங்கக் கூடாது, அதுதான் எனக்கு இருப்பதிலேயே கஷ்டமான வேலை என்று அம்மாவுக்குத் தெரியும்.

விமலா சித்தி: நன்றாகத் தெரியும்

கவிதா: இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. விபத்துக் காயத்துக்கு ஒரு பயிற்சி 1990களில் ஃபிஜி தீவில் ஆரம்பித்தது. இரண்டு நாள் வெளியூர்க்காரர்கள், ஒரு நாள் ஆசிரியர் பயிற்சி, அடுத்த இரண்டு நாள் உள்ளூர்க்காரர்களே. அந்தக் கணக்கை எத்தனையோ நாடுகள் எடுத்துக்கொண்டன. உகாண்டாவிலேயே ருகுங்கிரி பக்கம் ந்யாகிபாலே என்ற ஊர் மிஷன் ஆஸ்பத்திரியில், டாக்டர் பற்றாக்குறை என்பதால், அமெரிக்காவிலிருந்து வந்த தன்னார்வ டாக்டர்கள் 2009 முதல் நர்ஸுகளுக்கே எமர்ஜென்சி சிகிச்சை முழுவதையும் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு வந்த செட்டுகளுக்கு மூத்த நர்ஸுகளே வாத்தியார் ஆனார்கள்.

செல்வம் பெரியப்பா: ஐந்து நாளில் எமர்ஜென்சி படித்துவிட முடியுமா? நீ எத்தனை வருஷம் படித்தாய்.

கவிதா: முழுப் படிப்பு வராது பெரியப்பா. வந்திருக்கிறவர் முதல் ஒரு மணி நேரம் சாகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுக்குத்தான் ஐந்து நாள். மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு, அப்புறம் உடையை விலக்கி உடம்பு முழுக்க ஒரு பார்வை. யார் வந்தாலும் இந்த வரிசைதான். மூச்சுப்பாதையில் கோளாறு என்றால் அதைச் சரிசெய்யாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. அங்கே பெரிய தலைவலி போடா போடா, வாடகைக்கு ஓடுகிற மோட்டார் சைக்கிள். கீழே விழுந்து கால் எலும்பு வெளியே தெரிய ஒருவன் வருவான், எல்லோரும் காலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதே நேரம் அவன் தொண்டையில் ரத்தம் கட்டி மூச்சு நின்றுகொண்டிருக்கும். காலைப் பார்க்காமல் முதலில் முகத்தைப் பார்க்கக் கையும் கண்ணும் பழக வேண்டும். புத்தகத்தில் படித்து வராது.

செல்வம் பெரியப்பா: இந்த வரிசையை யார் போட்டது

கவிதா: அது ஒரு சோகக் கதை. 1976இல் அமெரிக்காவில் ஸ்டைனர் என்று ஓர் எலும்பு டாக்டர், தானே ஓட்டிய சின்ன விமானம் நெப்ராஸ்காவில் வயலில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்துவிட்டார், பிள்ளைகளுக்குப் பலத்த அடி. ரோட்டில் போன காரை நிறுத்தி ஏற்றிக்கொண்டு போனால் ஆஸ்பத்திரி பூட்டியிருக்கிறது. திறந்த பிறகும் அங்கே பார்த்த வைத்தியத்தில் அவருக்கு ஆத்திரம். ஆத்திரத்தோடு விடாமல் கூட்டாளிகளைச் சேர்த்து 1978இல் ஒரு பாடத்திட்டம் போட்டார். விபத்துக் காயத்துக்கு இந்த வரிசை உலகம் முழுக்கப் பரவியது அதனால்தான்.

ராஜாத்தி அத்தை: ஐயோ பாவம் அந்தப் பிள்ளைகள்

ஜெனி மதினி: கவிதா, நான் இருபது வருஷமாக வார்டில் நிற்கிறவள், அதனால் கேட்கிறேன். நீ எமர்ஜென்சி நர்ஸுக்குச் சொல்லிக்கொடுப்பாய், மூன்று மாதத்தில் மேட்ரன் அவளைத் தூக்கிக் கண் வார்டில் போட்டுவிடுவாள். அந்த இடத்துக்கு வருகிறவள் கையால் அமுக்கி மூச்சு கொடுக்கிற ஆம்பு பேக்கைத் தலைகீழாகப் பிடிப்பாள். இங்கேயே அதுதான் நடக்கிறது, அங்கே மட்டும் நடக்காதா?

கவிதா: நடக்கும் மதினி. ஒரு வருஷத்துக்கு இடம் மாற்றாதீர்கள் என்று அந்த ஆஸ்பத்திரி சூப்பரிண்டெண்டிடம் கேட்டிருக்கிறோம், சரி என்றார், வாய்ப்பேச்சுதான், எழுத்தில் இல்லை. இடம் மாற்றாவிட்டாலும் இன்னொன்று, செய்யாமல் இருந்தால் சில மாதத்தில் கை மறந்துவிடும். அதனால் பொம்மையை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம், லேபர் வார்டு மூலையில். வாரத்தில் ஒரு நாள் டியூட்டி மாறும்போது பத்து நிமிஷம், ஆளுக்கு ஒரு தடவை. வருஷத்துக்கு ஒரு பெரிய வகுப்பை விட அது நின்று பயன் தரும்.

பிரபு: என்ன பொம்மை

கவிதா: பச்சைக் குழந்தை பொம்மை. பிறந்து அழாத குழந்தைக்கு மூச்சு கொடுக்கிற பயிற்சி இதே பயணத்தில் இரண்டு நாள் தனியாக இருக்கிறது, அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2010இல் கொண்டுவந்தது. பொம்மை நார்வே லேர்டால் கம்பெனியுடையது. காலியாக இருக்கும்போது மடித்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். உள்ளே வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் பிறந்த குழந்தையின் எடை வந்துவிடும், தலை துவளும், கையில் வாங்கும்போதே பதறும். அதிலிருந்து இரண்டு குழாய், முனையில் ரப்பர் உருண்டை. நான் ஒன்றை அமுக்கினால் தொப்புள்கொடியில் நாடி துடிக்கும், இன்னொன்றை அமுக்கினால் மூச்சு விடும். அமுக்காவிட்டால் கிடக்கும். எதிரில் இருக்கிற நர்ஸ் துடைக்க வேண்டும், முதுகைத் தேய்க்க வேண்டும், அப்படியும் அழவில்லை என்றால் ஒரு நிமிஷத்துக்குள் மாஸ்க் வைத்து மூச்சு கொடுக்க ஆரம்பிக்க வேண்டும். நான் மனமிரங்கி உருண்டையை அமுக்கவே கூடாது, நெஞ்சு எழும்புகிற மாதிரி அவர் காற்று கொடுத்தால்தான் அமுக்குவேன்.

ராஜாத்தி அத்தை: தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டுவார்களே, உன்னை அப்படித்தான் தட்டினார்கள், நான் பக்கத்தில் நின்றேன்

கவிதா: இப்போது அது கூடாது அத்தை. நான் தப்பித்தது என் அதிர்ஷ்டம்.

ஜெனி மதினி: மாஸ்க் பிடிப்பதை எழுது, இவர்களுக்கும் தெரியட்டும். டாக்டர்களிலேயே பாதிப் பேர் மாஸ்க்கை முகத்தில் வைத்து அழுத்துவார்கள், காற்றெல்லாம் ஓரத்தில் போகும்.

கவிதா: ஆமாம் மதினி, அதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. பெரியவர்களுக்கு என்றால் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கின் மேல் வளைந்து நிற்கும், மீதி மூன்று விரலும் தாடை எலும்பில். சதையில் இல்லை, எலும்பில். மாஸ்க்கை முகத்தில் அழுத்தாமல் தாடையைத் தூக்கி முகத்தை மாஸ்க்குக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு கையால் வரவில்லை என்றால் வெட்கப்படாமல் இரண்டு கையாலும் பிடி, ஆம்பு பையை இன்னொருவர் அமுக்கட்டும். நெஞ்சு எழும்புகிற அளவுக்குக் காற்று போதும், பையை முழுக்கப் பிழிந்தால் வயிற்றுக்குள் போய் வாந்தி வரும்.

செல்வம் பெரியப்பா: நாங்கள் ரயில்வேயில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் முதலுதவி சர்டிபிகேட் வாங்கியவர்கள். ரத்தம் போனால் மேலே கயிறு இறுக்கிக் கட்டு என்றுதான் எனக்கு ஞாபகம். அதுவும் இப்போது கூடாதா?

கவிதா: கூடும், ஆனால் முதல் வேலை அது இல்லை. ரத்தம் வருகிற இடத்திலேயே நேராக அழுத்திப் பிடிக்க வேண்டும், எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. பஞ்சை மலை மாதிரி குவித்தால் அழுத்தமே உள்ளே போகாது. கை காலில் பீய்ச்சுகிறது, அழுத்தியும் நிற்கவில்லை என்றால் அப்போது காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டலாம், கட்டிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும். பாம்புக்கடிக்கு மட்டும் கயிறு கட்டவே கூடாது.

பிரபு: என் இரண்டாவது கேள்வியைக் காணோம்.

கவிதா: சயான் ஸ்டேஷன்தானே. அண்ணன், அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இங்கே நான் வருஷம் முழுக்க அதைத்தான் செய்கிறேன், நேற்று ராத்திரி லோக்கல் ரயில் வாசலில் தொங்கி விழுந்த பையன் ஒருவன், இருபது வயது இருக்கும். அங்கே போகிறது என் லீவில் இரண்டு வாரம். ஆனால் அங்கே ஏன் என்னைக் கூப்பிட்டார்கள் தெரியுமா, லண்டன் டாக்டர் ஸ்கேன் எடு என்பார், அங்கே ஸ்கேன் மெஷினே இல்லை. கரண்ட் போனால் காற்றிலிருந்து ஆக்ஸிஜன் பிரிக்கிற கான்சென்ட்ரேட்டர் மெஷின் நின்றுவிடும். ஒரே கட்டிலில் இரண்டு பேர். இதெல்லாம் எனக்குப் புதிது இல்லை. நம் நாட்டிலேயே எமர்ஜென்சி சிகிச்சையைத் தனிச் சிறப்புப் படிப்பாக மெடிக்கல் கவுன்சில் ஒப்புக்கொண்டது 2009இல்தான், அதுவரை கேஷுவாலிட்டி என்றால் யாருக்கும் பிடிக்காத டியூட்டி. அங்கே போய் வருகிறவர்கள், கையில் ஒன்றுமில்லாமல் வேலை செய்கிற நர்ஸிடம் தாங்கள்தான் கற்றுக்கொண்டு வந்ததாகச் சொல்கிறார்கள். அதையும் பார்க்கத்தான் போகிறேன்.

பிரபு: சரி. லிங்க்டினில் மட்டும் போடாதே.

கவிதா: போட மாட்டேன். நோயாளி போட்டோவே எடுக்கக் கூடாது என்று எங்களிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

விமலா சித்தி: எல்லாம் சரி, மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வது

ஜெனி மதினி: உண்மையைச் சொல்லுங்கள். ஒத்துவராதவர்கள் இப்போதே தெரிந்துவிடட்டும்.

செல்வம் பெரியப்பா: கவிதா, நீ போவதற்கு முன்னால் எங்கள் ஃப்ளாட் சொசைட்டியில் ஒரு வகுப்பு எடு. போன மாதம் மூன்றாம் மாடிக்காரர் விழுந்தபோது பத்துப் பேர் சுற்றி நின்று விசிறினோம், ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்றினார், 108க்குப் போன் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நல்லவேளை அவருக்குச் சர்க்கரை இறங்கியதுதான்.

கவிதா: எடுக்கிறேன் பெரியப்பா. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், அதை மட்டும் இன்றைக்கே சொசைட்டி குரூப்பில் போட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து பெரியவர் பொம்மை இரண்டு வாங்கி வருகிறேன். நெஞ்சை அழுத்துகிறது மட்டும்தான், நிமிஷத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது, ஐந்து செண்டிமீட்டர் இறங்க வேண்டும், ஆறைத் தாண்டக் கூடாது. இரண்டு நிமிஷத்தில் மூச்சு வாங்கும், ஆள் மாற்றி ஆள் செய்ய வேண்டும்.

செல்வம் பெரியப்பா: எனக்கு முட்டி மடக்க முடியாது

கவிதா: நீங்கள் எண்ணுங்கள், போன் போடுங்கள், லிஃப்டைப் பிடித்து வையுங்கள். அதற்கும் ஆள் வேண்டும்.

பிரபு: ரோட்டில் விழுந்தவனைத் தொட்டால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும், அதையும் சொல்லிவிடு.

கவிதா: அந்தப் பயத்துக்காகத்தான் 2016இல் சுப்ரீம் கோர்ட் உதவுகிறவர்களுக்குப் பாதுகாப்பு கொடுத்தது, 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். நல்ல எண்ணத்தில் உதவியவர் பெயரைக் கூடச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே பாதிப் பேருக்கு அது தெரியாது, ஹிந்தியிலும் மராத்தியிலும் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள் பெரியப்பா.

ஜெனி மதினி: வாட்ச்மேன்கள் இரண்டு பேரையும் வீட்டு வேலைக்கு வருகிற பெண்களையும் கட்டாயம் கூப்பிடுங்கள் மாமா. ராத்திரி யாராவது விழுந்தால் முதலில் ஓடி வருவது கமிட்டி மெம்பர் இல்லை, வாட்ச்மேன்தான்.

செல்வம் பெரியப்பா: ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் வைத்துக்கொள்வோம். ஏழு மணி என்று சொல்லாதே, அது தண்ணீர் விடுகிற நேரம், ஒருத்தரும் வர மாட்டார்கள். எட்டரைக்கு மேல் வை, இட்லிக்கு நான் சொல்லிவிடுகிறேன்.