த்ராட்டில் பொசிஷன் சென்சார்: ‘மதகுநிலை உணரி’ சரியாக வருமா?

வணக்கம்.

கார் எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் தட்டுதான் த்ராட்டில். அது எவ்வளவு திறந்திருக்கிறது என்று எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது த்ராட்டில் பொசிஷன் சென்சார். இந்தச் சென்சாருக்குத் தமிழ்ச் சொல் தேடியதில் இதுவரை ‘முடுக்கி நிலை உணரி’, ‘நெரிப்பு நிலை உணரி’ என்று இரண்டு வந்திருக்கின்றன. ‘உணரி’யில் யாருக்கும் மறுப்பில்லை, ‘நிலை’யும் இருக்கட்டும். சிக்கல் முதல் சொல்லில்தான். போன மாதம் எங்கள் காரில் அந்த உணரியைக் கழற்றிப் பார்க்க வேண்டி வந்தது. எனக்குச் சொல் கிடைத்தது அந்த வேலையில்தான். அதனால் வேலையிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் கோபி பக்கம். கார் 20 வருடப் பழசு, பெட்ரோல் வண்டி. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒரே தொல்லை. வளைவு திரும்பி லேசாக மிதிக்கும்போது ஒரு கணம் விக்கும், பிறகு சட்டென்று இழுக்கும். அழுத்தி மிதித்தால் ஒன்றும் தெரியாது. கால்வாசி மிதியில் மட்டும்தான் விக்கல்.

பழைய ரேடியோவில் வால்யூம் குமிழுக்குள் இருக்குமே, அதே சங்கதிதான் இந்த உணரிக்குள்ளும். கரிப்பூச்சுத் தடம் ஒன்று, அதன்மேல் உரசிப் போகும் கம்பி நாக்கு ஒன்று. மூன்று ஒயர்கள்: ஒன்றில் கம்ப்யூட்டரிலிருந்து 5 வோல்ட் வரும், இன்னொன்று எர்த், மூன்றாவது செய்தி கொண்டுபோவது. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, மூன்றாவது ஒயரில் மீட்டரை வைத்தேன். தட்டு மூடியிருந்தபோது 0.5 வோல்ட் அளவில் காட்டியது. முழுக்கத் திறந்தால் 4.5 வரை போக வேண்டும், இடையில் எங்கும் குதிக்கக் கூடாது. மிதியிலிருந்து தட்டுக்கு வரும் கேபிளை மெல்ல இழுத்துக்கொண்டே வந்தேன். 1.1 தாண்டும்போது டிஜிட்டல் மீட்டர் ஏதோ தடுமாறியது, சரியாகப் பிடிபடவில்லை. பழைய முள் மீட்டரை எடுத்துவந்து வைத்ததும் முள் அதே இடத்தில் பொத்தென்று விழுந்து எழுந்தது. அங்கே தடம் தேய்ந்திருக்கிறது. இதைப் பார்க்க முள் மீட்டரே மேல்.

அப்போதுதான் தோட்டத்திலிருந்து பெரியப்பா வந்தார்.

“என்ன கண்ணு, பெட்ரோல் வர்ற வழியா அது?”

“இல்லீங் பெரியப்பா. காத்து போற வழி. பெட்ரோலை வேற ஊசி பீச்சும். இந்தத் தட்டு எவ்வளவு திறந்திருக்கோ அவ்வளவு காத்து. மதகு மாதிரின்னு வெச்சுக்கங்க.”

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: “அப்ப இந்தச் சென்சாரு, மதகை எத்தனை தூக்கியிருக்குன்னு ஆபீசுக்குச் சொல்ற லஸ்கரா?”

லஸ்கர் என்றால் வாய்க்கால் மதகைப் பார்த்துக்கொள்ளும் பாசன ஊழியர். கீழ்பவானிப் பாசனத்தில் வளர்ந்தவருக்கு அது ஒரு நொடியில் விளங்கிவிட்டது. லஸ்கர் தப்பாகச் சொன்னால் ஆபீசில் கணக்கு தப்பும். இங்கே கம்ப்யூட்டர் அதே போல ஏமாந்து பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. அதுதான் அந்த விக்கல்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘முடுக்கி’ என்பது காலால் மிதிப்பது. இப்போதைய கார்களில் மிதிக்குத் தனி உணரி, தட்டுக்குத் தனி உணரி. நடுவில் கேபிளே கிடையாது, மோட்டார்தான் தட்டைத் திருப்புகிறது. ‘முடுக்கி நிலை உணரி’ என்ற பெயர் மிதிக்கு வேண்டும். தட்டுக்கும் அதையே கொடுத்தால் இரண்டையும் பிரிக்க வழியில்லை.

‘நெரிப்பு’, த்ராட்டில் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தொண்டையை நெரிப்பது என்றும் பொருள் இருப்பதைப் பிடித்துக்கொண்டு வந்தது. நமக்கு நெரித்தல் என்றால் குரல்வளைதான் நினைவுக்கு வரும், அளந்து விடுவது தோன்றாது. வால்வுக்குச் சொல்லும் ‘ஓரதர்’ என்பதையும் யோசித்தேன். அது ஒருவழி அடைப்புக்குப் பொருந்தும். இந்தத் தட்டு வழியைக் கூட்டிக் குறைக்கிறதே தவிர, ஒரு பக்கமாக மட்டும் விடுவதில்லை.

மதகு மேலும் கீழும் போகும், தட்டு சுழலுமே என்று கேட்கலாம். பெயர் அசைவைப் பார்த்து வைப்பதல்ல, வேலையைப் பார்த்து வைப்பது என்றே நினைக்கிறேன். மிதித்தால் பெட்ரோல் கொட்டுகிறது என்று நம்புகிறவர்கள் இன்னும் நிறையப் பேர். காற்றுமதகு என்று சொன்னால் அந்தத் தவறான எண்ணம் தானாகவே விலகும். த்ராட்டிலுக்குக் காற்றுமதகு, சென்சாருக்கு மதகுநிலை உணரி. ‘மதகுணரி’ என்று சுருக்கலாமா எனப் பார்த்தேன்; ‘மத குண’ என்று கண் பிரித்துப் படித்துவிடுகிறது, வேண்டாம்.

தடத்தில் தேய்ந்த இடத்துக்கு ‘சொத்தை’ போதும். கத்திரிக்காயில் சொல்வதுதான். சொத்தை விழுந்த உணரியை எப்படித் திருப்பி வைத்தாலும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். நானும் மாற்றினேன். புதிதைப் பொருத்தும்போதுதான் அட்ஜஸ்ட்மெண்ட். முதலில் தட்டில் படிந்த கரியைத் துடைக்க வேண்டும், இல்லையென்றால் அது முழுக்க மூடாது, அளவே பொய்யாகிவிடும். பிறகு இரண்டு ஸ்க்ரூக்களையும் லேசாகத் தளர்த்தி, உணரியை மயிரிழையாகத் திருப்பி, அந்த வண்டியின் புத்தகம் சொல்லும் வோல்ட்டுக்குக் கொண்டுவந்து முறுக்க வேண்டும். முறுக்கும்போதே அளவு நகர்ந்துவிடும். எனக்கு மூன்று முறை ஆனது. தட்டை நிறுத்தும் சின்ன ஸ்க்ரூவை மட்டும் தொடவே கூடாது. ஸ்க்ரூ ஓட்டை நீளவாட்டில் இல்லாமல் வட்டமாக இருந்தால் அந்த உணரியை அட்ஜஸ்ட் செய்ய முடியாது. மோட்டார் வைத்த வண்டிகளில் சாவி ஆனில் இருக்கும்போது தட்டுக்குள் விரலை விடாதீர்கள், நசுக்கிவிடும்.

இந்த அட்ஜஸ்ட்மெண்டுக்கு ‘திருத்தம்’ என்றால் பிழை திருத்துவது போல இருக்கிறது. ‘மதகுநிலை அமைப்பு’ என்றால் பொருளையே குறிப்பது போல ஆகிவிடுகிறது. ‘நிலைகூட்டல்’ என்று ஒன்று தோன்றியது. சுருதி கூட்டுவது போல அளவைக் கேட்டுக் கேட்டுப் பொருத்துவதால் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் கூட்டல் கணக்கோடு குழம்புமோ என்று தயக்கம். பட்டறையில் இருக்கிறவர்கள் யாராவது இருந்தால், வாயில் எது வருகிறது என்று சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.